டிக்கி கதவைத் திறந்தால் திருவிழா... அதற்கும் இப்போது கட்டுப்பாடு! அமெரிக்க கல்லூரி ஃபுட்பால் ரசிகர்கள் கவலைப்படுவது ஏன்?

ஆகஸ்ட் கடைசி வாரம் வந்துவிட்டால் அமெரிக்காவில் கல்லூரி ஃபுட்பால் சீசன் களைகட்டத் தொடங்கிவிடும். பெரும்பாலும் சனிக்கிழமைதான் மேட்ச். ஆட்டம் மாலையில் என்றாலும் ரசிகர்கள் காலையிலேயே மைதானத்துக்கு வந்து இறங்கிவிடுவார்கள். பார்க்கிங்கில் கூடாரம் போட்டு, அடுப்பு பற்றவைத்து, கறி சுட்டு, பாட்டு போட்டு, பீர் கேனை உடைத்து நாள் முழுக்க கொண்டாட்டம். இதற்குப் பெயர்தான் டெயில்கேட்டிங்.

இந்தக் கொண்டாட்டத்துக்கான விதிகளைப் பல்கலைக்கழகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாற்றி வருகின்றன. எத்தனை மணிக்கு வரலாம், எங்கே கூடாரம் போடலாம், அடுப்பு வைக்கலாமா, ஆட்டத்தின் நடுவே வெளியே போய்விட்டுத் திரும்ப வரலாமா என எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு. "பாதுகாப்புக்காக" என்கிறது நிர்வாகம். "எங்க இடத்தைப் பிடுங்கி எங்களுக்கே வாடகைக்கு விடுறாங்க" என்பது ரசிகர்களின் ஆதங்கம். இதில் எது உண்மை?

டெயில்கேட்டிங்னா என்ன?

நம்ம ஊரில் வண்டி ஓட்டுபவர்களுக்கு டெயில்கேட்டிங் என்றால் முன்னால் போகும் வண்டியை ஒட்டிக்கொண்டே போவது. இது வேற. பிக்கப் டிரக்கின் பின்பக்கக் கதவுக்கு டெயில்கேட் என்று பெயர். அதைக் கீழே மடக்கினால் பலகை மாதிரி நிற்கும். அதிலேயே சாப்பாட்டைப் பரப்பி வைத்துச் சாப்பிடத் தொடங்கியதில் இருந்து வந்த பெயர் இது.

ஃபுட்பால் என்றதும் மெஸ்ஸி, ரொனால்டோ ஆடும் ஆட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். ஹெல்மெட் போட்டுக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்து ஓடும் அமெரிக்கன் ஃபுட்பால் இது. கல்லூரிகளுக்கு இடையிலான முதல் ஆட்டமாகக் கருதப்படுவது 1869 நவம்பர் 6-ம் தேதி ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் அணிகள் மோதிய போட்டி. அன்று தொடங்கியது இன்று எங்கே வந்து நிற்கிறது தெரியுமா? மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் மட்டும் 1,07,601 பேர் உட்காரலாம். கல்லூரி மாணவர்கள் ஆடும் ஆட்டத்துக்குத்தான் இவ்வளவு பெரிய மைதானம்!

ஒரு சீசனில் ஓர் அணிக்கு சுமார் 12 ஆட்டங்கள். அதில் சொந்த ஊரில் நடப்பது பெரும்பாலும் ஏழு. அதாவது, ஆண்டுக்கு ஏழே ஏழு சனிக்கிழமைகள். படிப்பை முடித்து வெவ்வேறு ஊருக்குப் பிரிந்து போனவர்கள் குடும்பத்தோடு திரும்பி வந்து சந்திப்பது இந்த நாட்களில்தான். அப்பா கூடாரம் போட்ட அதே மரத்தடியில் மகனும் போடுவான், பேரனும் போடுவான். டிக்கெட் இல்லாமல் வந்து, டிவியில் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர்களும் ஏராளம். இவர்களுக்கு மைதானத்தின் உள்ளே நடப்பதைவிட வெளியே நடப்பதுதான் முக்கியம்.

சரவிளக்கு தொங்கும் கூடாரம், படகில் வரும் ரசிகர்கள்

மிசிசிப்பி மாநிலம் ஆக்ஸ்ஃபோர்டில் 'ஓல் மிஸ்' என்று செல்லமாக அழைக்கப்படும் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் நடுவே ஓக் மரங்கள் நிறைந்த சுமார் 10 ஏக்கர் தோப்பு. பெயரே 'தி க்ரோவ்'தான். மேட்ச் நாளில் இங்கே சிவப்பு, நீலம், வெள்ளைக் கூடாரங்கள் தோளோடு தோள் உரசி நிற்கும். சில கூடாரங்களுக்குள் சரவிளக்கு தொங்கும், வெள்ளித் தட்டில் சாப்பாடு வைப்பார்கள். கல்யாண வீடு தோற்றுப்போகும்!

இந்தத் தோப்புக்குள் ஒரு காலத்தில் கார்கள் வந்து நின்றன. மழையில் தரை சேறாகி நாசமானதால் 1991-ல் வண்டிகளுக்குத் தடை போட்டார்கள். பின்கதவு இல்லாமல் டெயில்கேட்டிங்கா? ஆனால், இன்று அமெரிக்காவில் டெயில்கேட்டிங் என்றாலே முதலில் சொல்லப்படும் இடங்களில் ஒன்று இந்தத் தோப்புதான். கார் போனது, கூடாரம் வந்தது, கூட்டம் மட்டும் குறையவே இல்லை. விதி மாறினாலே பாரம்பரியம் செத்துவிடும் என்று சொல்பவர்களுக்கு இது நல்ல பதில்.

டென்னசியில் இன்னொரு கூத்து. 1962-ல் ஜார்ஜ் மூனி என்ற வானொலி வர்ணனையாளர், டிராஃபிக்கில் மாட்டாமல் இருப்பதற்காகத் தன் படகிலேயே டென்னசி ஆற்றின் வழியாக மைதானத்துக்கு வந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் படகில் வர, இப்போது அது 'வால் நேவி' என்று பெயர் வாங்கிய தனிக் கூட்டம். யாரும் திட்டம் போட்டு உருவாக்கியதில்லை இது.

விதியைப் போடுவது யார்?

கல்லூரி விளையாட்டுகளுக்குத் தலைமை அமைப்பான என்சிஏஏ இதில் தலையிடுவதில்லை. அந்தந்தப் பல்கலைக்கழகமும், கேம்பஸ் போலீஸும், நகர நிர்வாகமும் சேர்ந்து முடிவு செய்வதுதான். அதனால் ஊருக்கு ஊர் விதி மாறும். ஒரு கல்லூரியில் கேஸ் அடுப்பு ஓகே, அடுத்த கல்லூரியில் நெருப்பே கூடாது. ஒரு இடத்தில் முந்தைய நாளே இடம் பிடிக்கலாம், இன்னொரு இடத்தில் காலை 7 மணிக்கு முன்னால் கால் வைக்கக் கூடாது.

2010-ல் ஜார்ஜியா பல்கலைக்கழகம் எடுத்த முடிவு இதில் முக்கியமானது. நார்த் கேம்பஸ் எனப்படும் பழமையான வளாகத்தில் மேட்ச் முடிந்ததும் குப்பை மலையாகக் குவிந்தது, புல்வெளி பாழானது. எனவே அந்தப் பகுதியில் கூடாரம், ஜெனரேட்டர், அடுப்பு ஆகியவற்றுக்குத் தடை வந்தது. ரசிகர்கள் கொதித்தார்கள். ஆனால் குப்பை போட்டது யார் என்ற கேள்விக்கு அவர்களிடமும் பதில் இல்லை.

பாதுகாப்பு என்பது வெறும் சாக்கா?

இல்லை. 2011 நவம்பர் 19-ம் தேதி ஹார்வர்டு, யேல் அணிகள் மோதிய நாள். யேல் மைதானத்துக்கு வெளியே மாணவர்களின் டெயில்கேட் பகுதிக்கு பீர் பீப்பாய்களை ஏற்றிவந்த வாடகை லாரி கூட்டத்துக்குள் பாய்ந்தது. 30 வயதுப் பெண் ஒருவர் உயிரிழந்தார், இருவர் காயமடைந்தனர். ஓட்டுநர் குடித்திருக்கவில்லை என்பது அங்கேயே நடந்த சோதனையில் தெரிந்தது. அதாவது, பிரச்சனை போதை மட்டுமல்ல. ஆட்கள் நெருக்கியடித்து நிற்கும் இடத்தில் கனரக வண்டிக்கு என்ன வேலை என்பதே கேள்வி.

இதன் பிறகு யேல் புதிய விதிகளை அறிவித்தது. பீர் பீப்பாய்க்குத் தடை, பெரிய வண்டிகளுக்குக் கட்டுப்பாடு, ஆட்டம் தொடங்கியதும் டெயில்கேட்டிங்கை முடித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை. ஓர் உயிர் போன பிறகு இதை யார் எதிர்க்க முடியும்?

ஃபுளோரிடா, ஜார்ஜியா அணிகள் ஜாக்சன்வில் நகரில் மோதும் போட்டிக்கு 'உலகின் மிகப்பெரிய திறந்தவெளி காக்டெயில் பார்ட்டி' என்ற பட்டப்பெயர் உண்டு. 2004, 2005 ஆண்டுகளில் அந்தப் போட்டிக்கான வார இறுதியில் மாணவர்கள் உயிரிழந்ததை அடுத்து, 2006-ல் அந்தப் பெயரைப் பயன்படுத்த வேண்டாம் என்று டிவி சேனல்களையே கேட்டுக்கொண்டார்கள். அமெரிக்காவில் மது குடிக்கச் சட்டப்படி 21 வயது ஆக வேண்டும். இளங்கலை மாணவர்களில் பெரும்பாலானோருக்கு அந்த வயது ஆகியிருக்காது. கொண்டாட்டத்தை நடத்தவிடும் பல்கலைக்கழகத்துக்கு இது நிரந்தரத் தலைவலி.

அப்புறம் ஏன் கோபம்?

கண்ணாடி பாட்டிலுக்குத் தடை என்றால் பெரும்பாலான ரசிகர்கள் முணுமுணுத்துவிட்டு பிளாஸ்டிக் கப்புக்கு மாறிவிடுவார்கள். அவர்களை உறுத்துவது வேறு. பாதுகாப்பு என்ற பெயரில் வரும் அதே சுற்றறிக்கையில் கட்டணமும் சேர்ந்தே வருகிறது என்பதுதான்.

டெயில்கேட்டிங் இப்போது ஒரு தொழில். அலபாமாவின் ஆபர்னில் தொடங்கப்பட்ட 'டெயில்கேட் கைஸ்' போன்ற நிறுவனங்கள் பல்கலைக்கழகங்களோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு கூடாரம், மேசை, நாற்காலி, ஐஸ் பெட்டி, டிவி என எல்லாவற்றையும் முன்கூட்டியே அமைத்துத் தருகின்றன. வாடிக்கையாளர் வெறும் கையோடு வந்து உட்கார்ந்தால் போதும். வசதிதான், மறுப்பதற்கில்லை. வயதானவர்களுக்கும் வெளியூரில் இருந்து விமானத்தில் வருபவர்களுக்கும் பெரிய உதவி. ஆனால் அந்தக் கூடாரங்கள் நிற்பது எங்கே? நேற்று வரை முதலில் வந்தவர் இலவசமாக இடம்பிடித்த அதே புல்வெளியில். மைதானத்துக்குப் பக்கத்து இடம் பணம் கொடுப்பவருக்கு, பழைய ஆள் பேருந்து ஏறி வரும் தூரத்துக்கு என்று ஆகும்போதுதான் கோபம் வருகிறது.

மது விற்பனையையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். தென்கிழக்கு மாநிலங்களின் பெரிய கல்லூரிகள் அடங்கிய எஸ்இசி அமைப்பு, மைதானத்துக்குள் பொது ரசிகர்களுக்கு மது விற்க நீண்டகாலம் தடை வைத்திருந்தது. 2019-ல் அதை நீக்கி, முடிவைக் கல்லூரிகளிடமே விட்டுவிட்டது. வெளியே குடித்தால் கல்லூரிக்குப் பைசா கிடையாது. உள்ளே வாங்கிக் குடித்தால் வருமானம்.

மேற்கு வெர்ஜினியா பல்கலைக்கழகம் இதை 2011-லேயே செய்துவிட்டது. இடைவேளையில் வெளியே போய் டெயில்கேட்டில் நாலு மடக்கு குடித்துவிட்டுத் திரும்பி வரும் வழக்கத்தை நிறுத்தி, உள்ளேயே பீர் விற்பனையைத் தொடங்கியது. அப்போது அங்கே விளையாட்டுத் துறை இயக்குநராக இருந்தவர் ஆலிவர் லக். விளைவு என்ன? மது தொடர்பான தகராறுகள் குறைந்தன, கல்லாவும் நிறைந்தது. இந்த விவகாரத்தின் சிக்கலே இங்குதான். ஒரே விதி பாதுகாப்பாகவும் இருக்கலாம், வியாபாரமாகவும் இருக்கலாம். நிர்வாகங்கள் முதல் பாதியை மட்டும் சத்தமாகச் சொல்லிவிட்டு இரண்டாவது பாதியை விழுங்கிவிடுகின்றன. ரசிகர்களின் சந்தேகம் வளர்வது அதனால்தான்.

கல்லூரிகளுக்குத் திடீரென பணம் ஏன் தேவை?

2025 ஜூன் 6-ம் தேதி ஒரு தீர்ப்பு வந்தது. 'ஹவுஸ்' வழக்கு என்று அழைக்கப்படும் அந்த வழக்கின் சமரச ஒப்பந்தத்துக்கு நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் கொடுத்தார். இதன்படி கல்லூரிகள் தங்கள் விளையாட்டு வருமானத்தில் இருந்து வீரர்களுக்கு நேரடியாகவே பணம் கொடுக்கலாம். 2025-26 கல்வியாண்டுக்கு உச்சவரம்பு, ஒரு கல்லூரிக்குச் சுமார் 2.05 கோடி டாலர்.

பல ஆண்டுகளாக உழைப்பைக் கொடுத்தும் சம்பளம் வாங்காத வீரர்களுக்கு இது நியாயம்தான். ஆனால், அந்தப் பணம் எங்கிருந்தாவது வர வேண்டுமே! டென்னசி பல்கலைக்கழகம் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட்டது. 2025 சீசன் டிக்கெட்டைப் புதுப்பிப்பவர்களிடம் 10 சதவீதம் 'டேலன்ட் ஃபீ' வசூலிப்பதாக 2024-லேயே அறிவித்தது. ரசிகர்கள் முகம் சுளித்தாலும், எதற்குக் கொடுக்கிறோம் என்பதாவது தெரிந்தது. பார்க்கிங் கட்டணமும் கூடார வாடகையும் ஏறும்போது அந்த வெளிப்படைத்தன்மை இருப்பதில்லை.

கான்சாஸ் பல்கலைக்கழக மைதானம் புதுப்பிக்கப்பட்டு 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதோடு ஒட்டி மாநாட்டு மையமும் வந்திருக்கிறது. கல்லூரி நிர்வாகத்தின் கண்ணில் பார்த்தால் கணக்கு எளிது. ஆண்டுக்கு ஏழு நாள் மட்டும் பயன்படும் பார்க்கிங்கைவிட 365 நாளும் சம்பாதிக்கும் கட்டடம் லாபம்.

டிவியும் ஒரு காரணம்

பல போட்டிகளுக்கு ஆட்டம் தொடங்கும் நேரத்தை முடிவு செய்வது ஒளிபரப்பு நிறுவனங்கள்தான். அதுவும் 12 நாட்களுக்கு முன்னால்தான் தெரியும். சில நேரம் வெறும் 6 நாட்கள். ஹோட்டல் புக் செய்து 500 கிலோமீட்டர் ஓட்டி வருபவருக்கு இதுவே பெரிய சிக்கல். இதோடு "பார்க்கிங் காலை 7 மணிக்குத்தான் திறக்கும்" என்ற விதியும் சேர்ந்தால், மதியம் 12 மணி ஆட்டத்துக்கு வருபவருக்கு மிஞ்சுவது ஐந்து மணி நேரம். அதற்குள் கூடாரம் போட்டு, கரி பற்றவைத்து, சமைத்து, சாப்பிட்டு, எல்லாவற்றையும் கட்டிவைத்துவிட்டு வாசலில் வரிசையிலும் நிற்க வேண்டும். மணிக்கணக்கில் மெதுவாக வேகவேண்டிய இறைச்சி எப்படி வேகும்?

விரட்டினால் கூட்டம் எங்கே போகும்?

கேம்பஸில் கெடுபிடி அதிகமானால் யாரும் வீட்டுக்குப் போய்விடுவதில்லை. பக்கத்துத் தெருக்களுக்கும், மாணவர் விடுதி முற்றங்களுக்கும், தனியார் புல்வெளிகளுக்கும் போகிறார்கள். அங்கே போலீஸும் குறைவு, ஆம்புலன்ஸும் குறைவு, கழிப்பறையும் இல்லை. 20 வயது மாணவர் அளவுக்கு மீறிக் குடித்துவிட்டு விழுந்தால், திறந்த மைதானத்தில் நாலு குடும்பங்கள் பார்க்கும். மூடிய வீட்டுக்குள் யார் பார்ப்பார்கள்? விதியை இறுக்கும் நிர்வாகங்கள் இந்தக் கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொன்னதாகத் தெரியவில்லை.

இந்தக் கல்லூரிகளில் படிக்கும் தமிழ் மாணவர்களுக்கும் மேட்ச் நாள் நன்றாகப் பரிச்சயம். வழக்கமாக வண்டி நிறுத்தும் இடத்தில் இருந்து முந்தைய நாளே காரை எடுக்கச் சொல்லி மெயில் வரும். எடுக்காவிட்டால் டோயிங் வண்டி வந்து இழுத்துப் போய்விடும்.

ரசிகர்கள் கேட்பது என்ன? இலவசப் பகுதி ஒன்றாவது மைதானத்துக்கு அருகே இருக்கட்டும், கட்டணம் என்றால் கட்டணம் என்றே சொல்லுங்கள், மாற்றத்தை முன்கூட்டியே அறிவியுங்கள் என்பவைதான். கடைசிக் கோரிக்கைக்கு ஒரு பின்னணி உண்டு. சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்கச் சொல்லும் கடிதம் பெரும்பாலும் குளிர்காலத்திலேயே வந்துவிடும், பணத்தையும் அப்போதே கட்டியாக வேண்டும். டெயில்கேட்டிங் விதிகள் வெளியாவதோ கோடையின் கடைசியில். அதற்குள் பணம் கைமாறியிருக்கும்.