ஒரு கைபேசியும் மூன்று பிள்ளைகளும்

கொரோனாவால் 2020 மார்ச் மாதத்தில் பாடசாலைகள் மூடப்பட்டபோது நான் ஏழாம் தரத்தில் படித்துக்கொண்டிருந்தேன். சித்திரைப் புத்தாண்டு விடுமுறையோடு எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தோம். ஆனால் திறப்பதும் மூடுவதுமாக ஒன்றரை வருடத்துக்கு மேல் போனது. வகுப்பறை சூமுக்கும் வட்ஸ்அப்புக்கும் மாறியது. கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளத்தை எங்களில் பலர் அப்போதுதான் அறிந்துகொண்டோம்.

தொழில்நுட்பம் இல்லாதிருந்தால் எங்கள் படிப்பு அடியோடு நின்றிருக்கும். அதை நான் மறுக்கவில்லை. அது எல்லோரையும் ஒரேமாதிரிச் சென்றடைந்ததா என்பதே என் கேள்வி.

2021இல் போஹிட்டியாவ கிராமத்து மாணவர்கள் சிக்னல் தேடிக் காட்டுவழியே நடந்து பாறை உச்சிக்கு ஏறியது செய்தியானது. கொழும்பில் எங்களுக்குச் சிக்னல் வீட்டுக்குள்ளேயே கிடைத்தது. கைபேசிதான் வீட்டில் இருக்கவில்லை. வெள்ளவத்தை மாடிவீடுகளில் சில பிள்ளைகளுக்குத் தனி அறையும் மடிக்கணினியும் இருந்தன. கொட்டாஞ்சேனையின் ஒற்றையறை வீடுகளிலோ, வாப்பாவோடு கடைக்குப் போன கைபேசி இரவில்தான் திரும்பி வந்தது. 2020 ஒக்டோபரில் அங்கே ஊரடங்கு போடப்பட்டபோது கைபேசி வீட்டில் இருந்தது. நாட்கூலி நின்றுபோனதால் டேட்டா போடக் காசு இருக்கவில்லை.

ஒரு கைபேசி, மூன்று பிள்ளைகள் என்றால் யாருக்கு முதலில்? பரீட்சை எழுதும் பிள்ளைக்கு என்றால் அது நியாயம். ஆனால் பரீட்சை இல்லாதபோதும் நானாவுக்கே முதலில் கிடைத்த வீடுகளை நான் அறிவேன். தங்கைக்குக் கிடைத்தது அடுப்படியில் நின்றபடி கேட்ட குரல்பதிவு மட்டுமே. பரீட்சைத் தாளிலோ இருவருக்கும் ஒரே கேள்விகள்தான்.

இப்போது நாங்கள் வகுப்பறைக்குத் திரும்பிவிட்டோம். ஆனால் அவசரத்துக்கு வந்த பழக்கம் அப்படியே தங்கிவிட்டது. வீட்டுவேலை இரவு ஒன்பது மணிக்கு வட்ஸ்அப்பில் வருகிறது. கரும்பலகையில் எழுதவேண்டிய குறிப்பு படமாக வருகிறது. மறுநாள் அதைப் பிரின்ட் எடுத்து வரவேண்டும். கைபேசி இல்லாத தோழி காலையில் வாங்கில் குனிந்து அவசரமாகப் பார்த்தெழுதுகிறாள்.

வீட்டுவேலையை மணி அடிக்குமுன் வகுப்பிலேயே தந்துவிட வேண்டும். வட்ஸ்அப் அதை நினைவூட்டினால் போதும். பதிவுசெய்த பாடங்கள் தொடரட்டும். காய்ச்சலில் படுத்த பிள்ளைக்கு அவை பெரிய உதவி. கணினி அறையைப் பாடசாலை விட்டபின் ஒரு மணிநேரமாவது திறந்து வையுங்கள். வீட்டில் கணினி இல்லாதவள் அங்கே அமர்ந்து படிப்பாள்.

பெற்றோரிடமும் ஒன்று கேட்கிறேன். "பொம்புளப் புள்ளைக்குப் போன் எதுக்கு?" என்று கேட்பதற்கு முன், அவளுடைய பாடம் எதில் வருகிறது என்று பாருங்கள். கண்காணிப்பதானால் நானாவையும் தங்கையையும் ஒரேமாதிரிக் கண்காணியுங்கள். யாருக்கு எத்தனை மணிக்கு என்று ஒரு நேரசூசி எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டால் பாடசாலைகள் மீண்டும் மூடப்பட்டன. நாளை இன்னொரு காரணம் வரலாம். அன்றைக்குப் புதிய கருவி வாங்க எல்லா வீட்டாலும் முடியாது. இருக்கும் ஒன்றை நியாயமாகப் பங்கிட எல்லா வீட்டாலும் முடியும்.