விளக்கொளியில் மறையும் வட்டிக் கணக்கு

இங்கிலாந்திலும் வேல்சிலும் டிசம்பர் பிறந்துவிட்டால் பழைய பிரபுக்களின் நாட்டுப்புற மாளிகைகள் புத்தணி பூண்டுவிடுகின்றன. கூடத்தின் நடுவே முகடு தொடும் ஊசியிலை மரம். கிளைதோறும் கண்ணாடிக் குண்டுகள். மாடிப்படிக் கைப்பிடி நெடுகப் பசுந்தழை மாலை. விருந்து மேசையில் வெள்ளிப் பாத்திரங்களும் மெழுகுவர்த்திகளும். கட்டணம் செலுத்திச் சீட்டுப் பெற்று, குழந்தை குட்டிகளோடு மக்கள் வரிசையில் நின்று பார்த்துச் செல்கின்றனர். இது தொன்றுதொட்டு வரும் வழக்கமென்று எண்ணிவிட வேண்டாம். டெர்பிஷயரிலுள்ள சாட்ஸ்வொர்த் மாளிகை கிறிஸ்துமஸ் காட்சிக்கென முதன்முதலாகக் கதவு திறந்தது 2001-இல்தான். கால்நடைகளுக்குக் கோமாரி நோய் கண்டு, நாட்டுப்புறம் சென்று பார்ப்போர் தொகை அருகிப்போன ஆண்டு அது. வாரிசு வரியும் பராமரிப்புச் செலவும் கழுத்தை நெரிக்க, கதவைத் திறந்து காசு வாங்கினாலன்றிக் கூரை நில்லாது என்ற நிலைக்கு அந்தப் பிரபு குடும்பங்கள் வந்து நெடுநாளாயிற்று.

அந்நாட்டில் குடியேறி வாழும் நம்மவர் குடும்பங்களும் இப்பொழுது அந்த வரிசையில் நிற்கின்றன. நிற்கலாமா, கூடாதா என்பதில்தான் நம்மிடையே வாதம். பிற சமயத்தாரின் பண்டிகைக் கோலத்தைக் காணச் செல்வது ஈமானுக்கு ஊறு விளைக்கும் என்பர் ஒரு சாரார். இது வெறும் கலையழகு, பிள்ளைகளின் மகிழ்ச்சி, இதிலென்ன குற்றம் என்பர் மறுசாரார். இரு சாராரும் மரத்தைப் பற்றியே பேசுகின்றனர். மரம் நிற்கும் மாளிகையைப் பற்றிப் பேசுவாரைக் காணோம். நாம் பேச விரும்புவது அதைப் பற்றி.

மரத்தின் கதை சிறியது. ஜெர்மானிய நாட்டிலிருந்து வந்த பழக்கம் அது. மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் மனைவி ஷார்லட் அரசி 1800-ஆம் ஆண்டு விண்ட்சரில் ஒரு மரத்தை அலங்கரித்துப் பிள்ளைகளுக்குக் காட்டினார். 1848-இல் விக்டோரியா அரசியின் குடும்பம் மரத்தைச் சூழ்ந்து நிற்கும் சித்திரம் ஒரு லண்டன் வார இதழில் வெளிவந்த பின்னர் அது வீடுதோறும் பரவிற்று. அவ்வளவே. ஈஸா நபி (அலை) அவர்களின் பிறப்புக்கும் அதற்கும் நேரான தொடர்பு எதுவுமில்லை. திருக்குர்ஆனின் பத்தொன்பதாம் அத்தியாயம் அப்பிறப்பை நமக்குக் காட்டும் விதமே வேறு. துணையின்றி ஒதுங்கிய ஒரு பெண்மணி, பிரசவ வேதனை, சாய்ந்துகொள்ள ஒரு பேரீச்ச மரம், உண்ணக் கனி, பருக ஓடைநீர். அங்கே கூடமுமில்லை, வெள்ளிப் பாத்திரமுமில்லை.

ஷார்லட் அரசியின் பெயர் வந்ததால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். அந்த அரசிக்கு வைரங்களைப் பரிசாக அளித்தவர் நம் ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா. ‘ஆர்க்காட்டு வைரங்கள்’ என்றே அவை பெயர் பெற்றன. 1818-இல் அரசி இறந்தபோது, அவற்றை விற்றுப் புதல்வியருக்குப் பங்கிடுமாறு உயில் எழுதி வைத்திருந்தார். அரசியின் மகன் அதைப் பொருட்படுத்தவில்லை. பின்னர் 1837-இல் வெஸ்ட்மினிஸ்டர் மார்க்குவிஸ் என்னும் பிரபு அவற்றை விலைக்கு வாங்கினார். அரசிக்கு வைரம் வழங்கிய நவாபின் கஜானா நிரம்பி வழிந்ததென்று நினைப்பவர் ஏமாறுவர். அவர் கழுத்தளவு கடனில் மூழ்கியிருந்தார். கடன் கொடுத்தவர்கள் கும்பெனியின் உத்தியோகஸ்தர்கள். கொடுத்தது கொடுவட்டிக்கு.

இந்த இடத்தில் வாசகர்கள் சற்று நிற்க வேண்டுகிறோம். வட்டி! எந்த ஒன்றை அல்லாஹ்வும் அவன் தூதரும் அத்தனை கடுமையாக விலக்கினார்களோ, அதைத் தலைமேல் சுமந்தவர் ஒரு முஸ்லிம் நவாப். அவர் அந்த வட்டியை எதிலிருந்து செலுத்தினார்? சேப்பாக்கத்து மாளிகையின் செலவைச் சுருக்கியா? இல்லை. ஊர் ஊராக நிலவரி வசூலிக்கும் உரிமையைக் கடன்காரருக்கு எழுதிக் கொடுத்தார். கும்பெனிப் படையின் துணைகொண்டு 1773-இல் தஞ்சையைக் கைப்பற்றிய பின், அங்குள்ள வயல்களின் விளைச்சல்மீதும் கடன்காரரின் கை விழுந்தது. வட்டி கட்டியவன் காவிரிக் கரையில் ஏர் பிடித்தவன். அவனுள் இந்துவும் உண்டு, முஸ்லிமும் உண்டு. நவாப் நம் சமயத்தவர் என்பதற்காக இதை நாம் மூடி மறைக்கப் போவதில்லை. ஆங்கிலேயரை மட்டும் திட்டிவிட்டு நம்மவரை விட்டுவிடும் சரித்திரம் அரைச் சரித்திரம்.

கடன் கொடுத்தவருள் தலையாயவர் பால் பென்பீல்டு. சொற்பச் சம்பளத்துக்குச் சென்னைக்கு வந்தவர் இவர். 1776-இல் லார்டு பிகட் என்னும் கவர்னர் தஞ்சையை அதன் மன்னருக்கே திருப்பிக் கொடுத்தபோது, தஞ்சை வருவாயிலிருந்து தமக்கு இரண்டு லட்சம் பவுனுக்கு மேல் வரவேண்டியிருப்பதாகக் கோரினார். சம்பளக்காரருக்கு அத்தனை பெருந்தொகை எங்கிருந்து வந்தது என்று பிகட் கேட்டார். சபையினரோ கவர்னரையே சிறைப்பிடித்தனர். அடுத்த ஆண்டு காவலிலேயே அவர் மாண்டார். 1785 பிப்ரவரியில் எட்மண்ட் பர்க் பாராளுமன்றத்தில் எழுந்து, ஆர்க்காட்டு நவாபின் கடன்களை விசாரணையின்றி ஏற்கக் கூடாதென்று நெடுநேரம் வாதாடினார். அவர் குரல் எடுபடவில்லை. அதற்கு முந்திய பாராளுமன்றத்தில் பென்பீல்டே ஓர் உறுப்பினர்!

இனி மாளிகைக்கு வருவோம். ஹெர்ட்போர்டுஷயரில் உட்ஹால் பார்க் என்றொரு மாளிகை உண்டு. அதைக் கட்டத் தொடங்கியவர், 1778 முதல் 1780 வரை சென்னைக் கவர்னராயிருந்த தாமஸ் ரம்போல்டு. அவருக்குப் பின் அதை விலைக்கு வாங்கியவர் யார் தெரியுமா? அதே பென்பீல்டுதான். பின்னாளில் அவர் நொடித்துப்போய், 1810-இல் பாரிசில் வறுமையில் இறந்தார். அம்மாளிகை இன்று பள்ளிக்கூடம். பெர்க்‌ஷயரிலுள்ள பாசில்டன் பார்க்கோ வங்காளத்துப் பணம். முர்ஷிதாபாத்தில் கும்பெனியின் ரெசிடெண்டாயிருந்த பிரான்சிஸ் சைக்ஸ் 1771-இல் அந்த நிலத்தை வாங்கினார். 1776-இல் மாளிகை எழத் தொடங்கியது. வங்காளத்தில் பெரும் பஞ்சம் தாண்டவமாடியது 1770-இல். இந்த ஆண்டுகளை அடுத்தடுத்து எழுதிப் பார்த்தால் போதும், உரை வேண்டியதில்லை. பாசில்டன் பார்க் 1978 முதல் நேஷனல் டிரஸ்ட் என்னும் அறநிறுவனத்தின் உடைமை.

எனினும் நம் நெஞ்சைத் தைப்பது வேல்ஸ் நாட்டிலுள்ள போவிஸ் கோட்டை. அதுவும் நேஷனல் டிரஸ்டின் பொறுப்பில்தான் உள்ளது. ஆர்க்காட்டு முற்றுகையில் பெயர் பெற்ற ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்டு கிளைவ், போவிஸ் பிரபு குடும்பத்துப் பெண்ணான ஹென்ரியேட்டாவை 1784-இல் மணந்தார். 1798-இல் சென்னைக் கவர்னராக வந்தார். 1799 மே 4-ஆம் நாள் திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டை வாயிலருகே போரிட்டுச் ஷஹீதானார். அரண்மனை சூறையாடப்பட்டது. அந்தக் கொள்ளையில் பிரிந்து சிதறிய பொருள்கள் சில இன்று போவிஸ் கோட்டையில் உள்ளன. திப்புவின் கூடாரம் அங்கிருக்கிறது. பூவேலை அமைந்த பருத்தித் துணியால் ஆனது. 2015-இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இந்தியத் துணிகளின் கண்காட்சிக்குக் கொண்டுசென்று விரித்துக் காட்டினர். சிம்மாசனத்தை அலங்கரித்த பொன்னாலான புலித்தலைகளுள் ஒன்றும் அங்கிருக்கிறது. மூத்த கிளைவ் கொணர்ந்த பொருள்களோடு, வங்கத்து நவாப் சிராஜுத்தௌலாவினுடையதென்று கூறப்படும் பல்லக்கும் அங்கேதான்.

திப்புவின் பெயரைக் கேட்டாலே நம்மவர் கண் கலங்கும். நன்று. ஆனால் அதே கவர்னரின் கை நம் தமிழ் மண்ணில் செய்தது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? வீரபாண்டியக் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டது 1799 அக்டோபரில். மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டது 1801 அக்டோபரில். இரண்டும் எட்வர்டு கிளைவின் ஆட்சிக் காலத்தில் நிகழ்ந்தவை. 1801 ஜூலையில் நவாப் உம்தத்துல் உமரா காலமானார். திப்புவோடு கடிதத் தொடர்பு வைத்திருந்ததாக அவர்மீதும் அவருடைய தந்தைமீதும் பழி சுமத்தி, கர்நாடக ராஜ்யம் முழுவதையும் கும்பெனி எடுத்துக்கொண்டது. மகன் அலி ஹுசைன் இணங்க மறுத்தார். இணங்கிய அஜீமுத்தௌலாவுக்கு நவாப் பட்டமும் வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் விடப்பட்டன. தமிழகத்தின் ஆட்சியைப் பறித்த அந்தக் கவர்னர் 1803-இல் ஊர் திரும்பினார். 1804-இல் போவிஸ் பிரபு ஆனார். கடனில் நலிந்திருந்த அந்தப் பழங்கோட்டை கிளைவ் குடும்பத்துச் செல்வத்தால்தான் மீண்டும் நிமிர்ந்தது.

இதையெல்லாம் கிளறுவானேன், இரு நூற்றாண்டு கடந்த கதையல்லவா என்று கேட்பவர் ஆங்கிலேயரிலும் உண்டு, நம்மிலும் உண்டு. 2020 செப்டம்பரில் நேஷனல் டிரஸ்டே தன் பொறுப்பிலுள்ள இடங்களுள் 93-க்கு அடிமை வாணிபத்தோடும் காலனி ஆட்சியோடும் தொடர்புண்டென்று விரிவான அறிக்கை ஒன்றை வெளியிட்டது. போவிசும் பாசில்டனும் அப்பட்டியலில் உள்ளன. என்ன கூச்சல்! பாராளுமன்ற உறுப்பினர் சிலர் ஒன்றுகூடிப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினர். தேசத்தின் பெருமையைக் கெடுக்கிறதாம். அறநிறுவனங்களைக் கண்காணிக்கும் ஆணையமே தலையிட்டு விசாரித்து, சட்டத்துக்குப் புறம்பாக எதுவும் நடக்கவில்லையென்று 2021-இல் அறிவிக்க வேண்டியதாயிற்று. வரவு செலவைப் படித்துக் காட்டிய கணக்கப்பிள்ளைமீது முதலாளி கோபிப்பதுபோல் இருக்கிறது இது. அந்த அறிக்கையை எழுதிய ஆய்வாளர்களை நாம் பாராட்டுகிறோம். தன் வீட்டுக் குறையைத் தானே எழுதும் துணிவு நமக்கு வருவது எப்போது என்று ஏங்கவும் செய்கிறோம்.

ஆங்கிலேயர் கோபத்தைப் புரிந்துகொள்ளலாம். நம்மவர் அலட்சியம்தான் விளங்கவில்லை. போவிஸ் பிரபுவின் வாரிசுகள் மறக்க விரும்பினால் அதற்குக் காரணம் உண்டு. நாகூரிலும் வேலூரிலும் பிறந்தவரின் பேரப்பிள்ளை மறக்க வேண்டிய காரணம் என்ன? திப்புவின் மக்கள் சிறை வைக்கப்பட்ட கோட்டை நம் வேலூரில்தானே இருக்கிறது? டிசம்பர் அலங்காரத்தின் இயல்பே கண்ணை ஓரிடத்தில் கட்டிப்போடுவது. மரத்தைப் பார், விளக்கைப் பார், சிறுவர் கதையிலிருந்து எழுந்து வந்தாற்போன்ற பொம்மையைப் பார், படம் எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போ. சுவரோரத்தில் சிறு எழுத்தில் தொங்கும் குறிப்பட்டையை யார் நின்று வாசிப்பார்? இரவை விழாவாக்கும் விளக்குகளுக்கு நாம் பகைவரல்லர். (நம் திருமண மண்டபங்களின் மின்விளக்குச் செலவை இங்கே எடுத்தால் முகஞ்சுளிப்போர் பலராவர்; அதற்கு வேறொரு மாதம் வரும்.) ஒளி வெள்ளத்தில் கணக்கு மறைந்துபோவதற்கே நாம் எதிரி.

போகாதே என்று தடுப்போரையும் நாம் விடுவதாயில்லை. அவர்கள் சொற்படி வீட்டிலேயே அமர்ந்துவிட்டால், திப்புவின் கூடாரத்தைப் பார்க்காமலேயே நம் பிள்ளை வளரும். பள்ளித் தோழன் பார்த்துவிட்டு வந்து சொல்லும் கதையே அதற்குச் சரித்திரமாகும். தோழன் என்ன சொல்வான்? அழகான கூடாரம், பெரிய மரம், இனிப்பான பானம். அதற்கு மறுமொழி கூற நம் பிள்ளையிடம் என்ன இருக்கும்? வணக்கத்தில் கலந்துகொள்வது வேறு, ஒரு வீட்டின் வரலாற்றை அறியச் செல்வது வேறு. இந்த வேறுபாட்டை நம் உலமாக்கள் அறியாதவர்களல்லர். தடைசெய்யும் ஆர்வத்தில் சிலர் அதை எடுத்துச் சொல்ல மறந்துவிடுகின்றனர்.

ஆகவே, போங்கள் என்கிறோம். ஆனால் வெறுங்கையோடு போகாதீர்கள். புறப்படுமுன் ஓரிரவு பிள்ளைகளை அருகிலமர்த்தி, ஆர்க்காட்டையும் தஞ்சையையும் ஸ்ரீரங்கப்பட்டணத்தையும் வரைபடத்தில் காட்டுங்கள். வட்டி எவ்வாறு ஒரு நாட்டையே விழுங்கியது என்று சொல்லுங்கள்; அதை விழுங்கக் கொடுத்தவர் நம் நவாப் என்பதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். அங்கே சென்றபின், அறையில் நிற்கும் பணியாளரிடம் மரியாதையாகக் கேளுங்கள்: இப்பொருள் யாரிடமிருந்து, எந்த ஆண்டில், எவ்வாறு வந்தது? அவர்களுள் பலர் முதிய தொண்டர்கள், ஊதியமின்றி ஆர்வத்தால் நிற்பவர்கள், கேட்டால் மகிழ்வர். ‘வாங்கப்பட்டது’, ‘கிடைத்தது’ என்று குறிப்பட்டை மழுப்பியிருந்தால், வீடு திரும்பி நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். ‘1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கொள்ளையிடப்பட்டது’ என்று எழுதக் கோருங்கள். டிசம்பரிலும் அந்த அட்டை மறையாதிருக்க வேண்டுமென்று கோருங்கள். நூறு குடும்பங்கள் எழுதினால் நூறு கடிதங்கள்.

அதன்பின் பிள்ளைகள் மற்றக் கூடங்களுக்கும் போகட்டும். மரத்தையும் பார்க்கட்டும், குளிருக்குச் சூடாகத் தேநீர் பருகட்டும்.