சார் வரலீங்களா?

மூன்று பட்டறைகள். மூன்றிலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "சார் வரலீங்களா மேடம்?"

வண்டி என்னுடையது. ஆர்.சி. புத்தகத்தில் என் பெயர்தான் இருக்கிறது. அப்பா 1986இல் வாங்கிய புல்லட். அண்ணன் வேண்டாம் என்றதால் எனக்கு வந்தது. பெண்ணுக்குச் சொத்து வருகிற வழிகளில் இதுவும் ஒன்று. வலது காலில் கியர், இடது காலில் பிரேக். நான் சோளக்காட்டில் குடியிருக்கிறேன், மலைக்குக் கீழே ஒரு கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். காரவள்ளிக்கு இறங்க 70 கொண்டை ஊசி வளைவுகள். போன வருடம் மழை ஓய்ந்த ஒரு காலையில், அப்படியொரு வளைவில் பின்சக்கரம் என்னைக் கேட்காமல் நகர்ந்தது. விழவில்லை. நிறுத்திக் குனிந்து பார்த்தால் டயரின் ஓரமெல்லாம் என்ஜின் ஆயில்.

முதல் பட்டறைக்காரர் இடப்பக்கத்துச் செயின் கேஸ் கவரின் நட்டை இன்னும் இறுக்கினார். பழைய புல்லட்டில் அந்தக் கவர் முழுவதையும் நடுவில் உள்ள ஒரே நட்டுதான் பிடித்திருக்கிறது. அளவுக்கு மேல் இறுக்கினால் கவர் வளையும், ஓரத்து ரப்பர் சரியாக உட்காராது, ஒழுகல் கூடும். கூடியது. இரண்டாமவர் கண்ட இடமெல்லாம் பேஸ்ட் அப்பினார். பத்து நாள் தாங்கியது. மூன்றாமவர் வண்டியைத் தொடவே இல்லை. "பழைய வண்டி, ஒழுகத்தாங்க செய்யும். உங்களுக்கு ஒரு ஸ்கூட்டி போதாதுங்களா?" என்றார். என்ன கோளாறு என்று மூவருமே சொல்லவில்லை. நானும் கேட்டுப் பார்த்தேன். "சொன்னா உங்களுக்குப் புரியாதுங்க" என்று ஒருவர் சிரித்தார். யாப்பருங்கலக் காரிகையை இருபது வருடமாக நடத்துகிறவளுக்கு ஒரு ரப்பர் வளையம் புரியாதாம்.

தோழிகளிடம் சொன்னபோது அவர்கள் வேறு மாதிரி பேசினார்கள். "எத்தனை ஆம்பளைக்கு மெக்கானிக் வேலை தெரியும்? அவங்களும் காசு கொடுத்துதானே பார்க்கறாங்க? நீ ஏன் கையில கறையாக்கிக்கற?" நியாயமான கேள்விதான். என் கணவருக்கும் ஸ்பார்க் பிளக் எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஆனால் அவர் போய் நின்றிருந்தால் சொல்லியிருப்பார்கள். தெரியாத ஆணுக்கு விளக்கம் கிடைக்கிறது, தெரியாத பெண்ணுக்குப் பில் கிடைக்கிறது. என் சண்டை கறை பற்றியதல்ல. என் உயிர் போய்வருகிற வண்டியில் என்ன பழுது என்ற உண்மை யாரிடம் சொல்லப்படுகிறது என்பதுதான் கேள்வி.

நம் பக்கத்திலும் ஒரு தவறு இருக்கிறது. வண்டி ஓட்டுகிற பெண் என்ற படத்தோடு நாம் திருப்தியடைந்து விடுகிறோம். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் பெண்கள் சைக்கிள் பழகியதை இன்றும் மேடைகளில் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். 2018இல் தமிழக அரசு வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் விலையில் பாதியை, 25,000 ரூபாய் வரை, மானியமாகத் தந்தது. நல்லது. சாவி கைக்கு வந்தாயிற்று. ஸ்பானர்?

வகுப்பில் சீவக சிந்தாமணி வரும்போதெல்லாம் இந்த இடத்தில் நிற்பேன். சச்சந்தன் மயிற்பொறி செய்விக்கிறான், கருவுற்றிருக்கும் விசயைக்கு அதை ஓட்டப் பழக்குகிறான். இப்படித் திருகினால் ஏறும், அப்படித் திருகினால் இறங்கும். வானில் பறந்த தமிழ்க் காப்பியப் பெண் என்று மாணவிகள் மகிழ்கிறார்கள். எனக்கோ அவளுக்குக் கற்றுத்தந்தது அந்தத் திருகு மட்டும்தான் என்று தோன்றும். பகைவனின் முரசு கேட்டு அவள் மயங்குகிறாள், பொறி சுடுகாட்டில் இறங்குகிறது. செய்தவன் எங்கோ இருக்கிறான், செய்வித்தவன் செத்துப்போனான். அந்த இரவில் பொறியின் உள்ளே என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது.

நானும் அப்படித்தான் வளர்ந்தேன். அப்பா வண்டியைக் கழற்றும் ஞாயிறுகளில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து பிளக் மாற்றக் கற்றுக்கொண்டான். நான் டார்ச் பிடித்தேன்.

இந்த முறை நானே கழற்றுவது என்று முடிவு செய்ததும் உதவிக்கு வந்தவள் என் மாணவி, இந்த மலையில் பிறந்தவள். காப்பிப் பழம் உரிக்கும் பல்ப்பரையும் தோட்டத்து ஆயில் என்ஜினையும் சரிபார்த்தே வளர்ந்தவள். என்ஜினை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, காயவைத்து, மேலெல்லாம் முகப்பவுடர் தூவினோம். இது பட்டறைகளில் உள்ள பழைய வித்தைதான். ஒழுகும் எண்ணெய் கீழே வழிந்தோடும், ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும், அதனால் எண்ணெய் தெரிகிற இடம் ஒழுகுகிற இடமல்ல. பவுடரில் மட்டும் முதல் கோடு காட்டிக்கொடுக்கும். செம்மேடு வரை போய்த் திரும்பினேன். ஒரு கோடு இல்லை. செயின் கேஸ் ஓரம், டேப்பட் கவர் என்று மூன்று இடத்தில் கோடு.

அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இது எது வழியா மேம் மூச்சு விடும்?"

பிஸ்டன் கீழே வரும்போது கிராங்க் கேஸுக்குள் இருக்கும் காற்று அழுந்தும். அந்தக் காற்று வெளியேற பிரீதர் என்று ஒரு வழி உண்டு. அதில் வாத்தின் அலகு போல ஒரு ரப்பர். வெளியே விடும், உள்ளே விடாது. எங்கள் வண்டியில் அந்த ரப்பர் வயதாகிக் கல்லாய் இறுகி ஒட்டிக்கொண்டிருந்தது. போக வழியில்லாத காற்று எங்கெல்லாம் இணைப்பு இருக்கிறதோ அங்கெல்லாம் எண்ணெயைத் தள்ளிக்கொண்டு வந்தது. எத்தனை பேக்கிங் மாற்றினாலும் எத்தனை பேஸ்ட் அப்பினாலும் நிற்காது. (இதைப் பெண்ணின் மூச்சுக்கு உவமையாக்கிக் கவிதை எழுதச் சொல்லாதீர்கள். நம்மை உவமையாக்கியது போதும். கொல்லிப்பாவையை வைத்தே இந்த மலைக்கு அது கொஞ்சமாகவா நடந்திருக்கிறது? பிரீதர், பிரீதர்தான்.)

புது ரப்பர் நூறு ரூபாய்கூட ஆகவில்லை. வளைந்த கவரைக் கண்ணாடி மேல் வைத்துப் பார்த்து, மெல்லத் தட்டி நேராக்கியவள் அவள். நான் டார்ச் பிடித்தேன்.

கையால் அறிந்தவளை அறிவாளி என்று என் பல்கலைக்கழகம் ஒருநாளும் சொல்லாது. பட்டறைப் பையன்களின் அறிவையும் அது அப்படித்தான் ஒதுக்கியது. பன்னிரண்டு வயதில் அடி வாங்கித் தொழில் படித்தவன், முனைவர் பட்டக்காரி வந்து நிற்கும்போது தன்னிடம் உள்ள ஒன்றை ஏன் சும்மா தர வேண்டும்? அதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவன் கோபம் என் கணவரைக் கண்டதும் எங்கே போகிறது?

முடியாதது என்று இதில் ஒன்றுமில்லை. உத்தரப் பிரதேசத்தின் பாந்தா மாவட்டத்தில் 1990களில் எழுத்துத் தெரியாத பெண்கள் பலர் கைபம்பு மெக்கானிக்காகப் பயிற்சி பெற்று ஊர்க் குழாய்களைப் பழுதுபார்த்தார்கள். இங்கிலாந்தின் பியாட்ரிஸ் ஷில்லிங் 1934இல் நார்ட்டன் மோட்டார் சைக்கிளில் மணிக்கு நூறு மைலைத் தாண்டி வட்டமடித்தவர், பொறியாளர். போரில் பிரிட்டிஷ் போர் விமானங்கள் மூக்கைச் சாய்த்துப் பாயும்போது மெர்லின் என்ஜின் திணறியது. 1941இல் அவர் செய்து தந்த, நடுவில் துளையிட்ட ஒரு சின்னத் தகடு அந்தக் கோளாறை அடக்கியது. ஆண்கள் அதற்கு வைத்த செல்லப்பெயர் 'மிஸ் ஷில்லிங்கின் ஓட்டை'. அவர் அப்போது திருமணமானவர், ஆனாலும் 'மிஸ்'தான். இல்லாவிட்டால் சிரிப்பு வராதே. பழுதுபார்க்கத் தெரியாத பெண்ணுக்கு ஒரு சிரிப்பு, தெரிந்த பெண்ணுக்கு இன்னொரு சிரிப்பு.

போன வாரம் அந்த இரண்டாவது பட்டறை முன் டீ குடிக்க நிறுத்தினேன். அவர் வந்து குனிந்து அடியில் பார்த்தார். தரையில் ஒரு சொட்டு இல்லை.

"யாருங்க பார்த்தது?"

"நானும் என் ஸ்டூடன்ட்டும்."

"அது சரிங்க. வேலை செஞ்சது யாரு?"

டேப்பட் கவரில் இன்னும் லேசாகக் கசிகிறது. கார்க் பேக்கிங் சேலத்திலிருந்து வர வேண்டும். சனிக்கிழமை வருவதாக அவள் சொல்லியிருக்கிறாள், கூடவே தங்கையையும் கூட்டி வருகிறாளாம்.