செங்கல்லை நாமே சுட வேண்டுமா?



சென்ற பருவத்தில் நம் வகுப்பில் ஒரு பெரிய சண்டை நடந்தது. சினிமாவுக்காகவும் இல்லை, கிரிக்கெட்டுக்காகவும் இல்லை. மேட்ரிக்ஸ் பெருக்கலுக்காக!

லேபில் இரண்டு மேட்ரிக்ஸைப் பெருக்கும் புரோகிராம் கேட்டார்கள். நான் ராத்திரி கண் விழித்து, மூன்று ஃபார் லூப் போட்டு சி-யில் எழுதினேன். என் நண்பன் பைத்தானில் நம்பை லைப்ரரியை இம்போர்ட் செய்து ஒரே வரியில் முடித்துவிட்டான். "இது காப்பியடிச்ச மாதிரிதான்" என்றது ஒரு கட்சி. "உலகமே இப்படித்தான் செய்யுது, நீ ஏண்டா இன்னும் மாட்டு வண்டி ஓட்டுற?" என்றது இன்னொரு கட்சி.

நான் முதல் கட்சி. காரணம் உண்டு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிப் படிக்க வந்தவன் நான்தான். அடுத்தவன் உழைப்பில் மார்க் வாங்கினான் என்ற பேச்சு வரக்கூடாது என்று எனக்கு ஒரு வீம்பு.

வைவாவில் என்ன ஆயிற்று தெரியுமா? "மேட்ரிக்ஸ் அளவை ஆயிரத்துக்கு ஆயிரம் ஆக்கினால் உன் புரோகிராம் தாங்குமா?" என்று என்னைக் கேட்டார்கள். முழித்தேன். "உன்னுடையது ஏன் இவ்வளவு வேகம்?" என்று நண்பனைக் கேட்டார்கள். அவனும் முழித்தான். இரண்டு கட்சிக்கும் மார்க் போச்சு!

அன்று சாயங்காலம் பொத்தேரி ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போதும் மனசு ஆறவில்லை. எதிர்வீட்டு அக்கா தந்த பழைய லேப்டாப்பில் ராத்திரியே சோதித்துப் பார்த்தேன். ஆயிரத்துக்கு ஆயிரம் என்றால் நூறு கோடி பெருக்கல், ஏறக்குறைய நூறு கோடி கூட்டல். என் மூன்று லூப்பை அப்படியே பைத்தானில் எழுதி ஓட்டினேன். அம்மா தோசை சுட்டு, நான் சாப்பிட்டு முடித்தும் அது முடியவில்லை. சி-யில் சில நொடிகள். நம்பையிலோ, எண்டர் தட்டி விரலை எடுப்பதற்குள் விடை நின்றது!

அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கொத்தனார். கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம் பக்கம் அவர் கை படாத தெரு குறைவு. விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார். "நான் என்னைக்குடா செங்கல் சுட்டேன்? சூளைக்காரன் சுடறான், நான் கட்டறேன். ஆனா கல்லைத் தட்டிப் பார்த்து நல்லதா கெட்டதான்னு சொல்லத் தெரியலைன்னா நான் கொத்தனார் இல்ல" என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான் இந்தக் கட்டுரை.

சரி, சூளைக்குள் என்ன நடக்கிறது? நம்பை இந்தப் பெருக்கலைத் தானாகச் செய்வதில்லை. பிளாஸ் என்ற வெளி லைப்ரரியிடம் ஒப்படைக்கிறது. பிளாஸ் என்பது முதலில் ஓர் ஒப்பந்தம். இன்ன வேலைக்கு இன்ன பெயர், இன்ன வரிசையில் தகவல் கொடு என்று 1979-ல் லாசன், ஹேன்சன், கின்கெய்ட், க்ரோ என்ற நால்வர் வெளியிட்டார்கள். மேட்ரிக்ஸோடு மேட்ரிக்ஸைப் பெருக்கும் மூன்றாம் நிலை 1990-ல் வந்தது. அதன் மேல் 1992-ல் லேபேக் கட்டப்பட்டது. இந்த வரிசையில் முக்கியமாக உழைத்த ஜேக் டொங்காராவுக்கு 2021-ஆம் ஆண்டின் டூரிங் விருது கிடைத்தது.

ஒப்பந்தம் ஒன்று என்பதால் ஆளை மாற்றலாம். ஓபன்பிளாஸ், இன்டெல் எம்.கே.எல்., பிளிஸ் என்று எதை வைத்தாலும் நம் புரோகிராமில் ஒரு வரி மாறாது. ஜப்பான் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்த கசுஷிகே கோட்டோ என்பவர் கையாலேயே அசெம்ப்ளியில் எழுதிச் செதுக்கியது கோட்டோபிளாஸ். அதிலிருந்து சீனாவில் 2011-ல் பிறந்ததுதான் ஓபன்பிளாஸ். இன்று யாரும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம்.

வேகத்தின் ரகசியம் மந்திரம் இல்லை. ஆயிரத்துக்கு ஆயிரம் மேட்ரிக்ஸ் ஒன்றே 80 லட்சம் பைட். பிராசசருக்கு மிக அருகில் இருக்கும் கேஷ் பெரும்பாலும் 32 கே.பி. அளவுதான். என் லூப் இரண்டாவது மேட்ரிக்ஸில் மேலிருந்து கீழே இறங்கும்போது ஒவ்வொரு தடவையும் 8,000 பைட் தாவுகிறது. கல்லுக்குக் கல் தெருக்கோடிக்கு ஓடும் சித்தாள் மாதிரி! பிளாஸ் என்ன செய்கிறது? கேஷில் அடங்கும் துண்டுகளாக வெட்டி, வரிசையாக அடுக்கி, ஒரே கட்டளையில் பல எண்களைப் பெருக்குகிறது. இது புரிந்ததும் சி-யில் உள்ளே இருந்த இரண்டு லூப்பை இடம் மாற்றினேன். அதிலேயே நேரம் பாதிக்கும் கீழே போனது.

இதெல்லாம் வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். நம் தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் 144 கம்ப்யூட்டர்களைப் பிணைத்து, இமயமலைச் சிகரம் ஒன்றின் பெயரில் "கப்ரு" என்ற கிளஸ்டரைக் கட்டினார்கள். 2004-ல் அது உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர் பட்டியலில் இடம் பிடித்தது. நொடிக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் கோடி கணக்கு! அந்தப் பட்டியலுக்கான தேர்வு லின்பேக் என்னும் சமன்பாட்டுக் கணக்கு. அதற்கான எச்.பி.எல். புரோகிராமும் பெருக்கல் வேலையை ஒரு பிளாஸிடம்தான் கொடுக்கிறது. விஞ்ஞானிகளே சூளை போடவில்லை. நமக்கு என்ன வெட்கம்?

ஆனால் இரண்டாம் கட்சிக்காரர்களே, கைதட்ட அவசரப்படாதீர்கள்! கல்லைத் தட்டிப் பார்க்க வேண்டாமா? மேட்ரிக்ஸை முழு எண்களாகக் கொடுத்தால் நம்பை அதை பிளாஸுக்கு அனுப்பாது. தசம எண்ணாக மாற்றினால்தான் அந்த வேகம். கூட்டும் வரிசை மாறுவதால் பிளாஸை மாற்றினால் விடையின் கடைசி இலக்கங்கள் கொஞ்சம் மாறலாம். இது தெரியாதவன் பிராஜெக்டில் விடை மாறும்போது தலையைப் பிய்த்துக்கொள்வான். நாளைக்கு இன்டர்வியூவில் "எந்த பிளாஸ் ஓடுது?" என்று கேட்டால் என்ன சொல்வான்? நம்பையில் ஷோ கான்ஃபிக் என்று கேட்டால் அதுவே பெயரைச் சொல்லும். ஒரு நிமிஷ வேலை.

ஆகவே என் கட்சி இப்போது மூன்றாவது கட்சி. ஒரே ஒரு முறை மூன்று லூப்பையும் சொந்தக் கையால் எழுது. நேரம் பார். பிறகு தைரியமாக லைப்ரரியைப் பயன்படுத்து. ரெக்கார்டு நோட்டில் அதன் பெயரை மறைக்காமல் எழுது. பெயரை மறைத்தால்தான் காப்பி, சொன்னால் அது நன்றி.

நம் மாணவர் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு சனிக்கிழமை லேபைத் திறந்துவிடச் சொல்லுங்கள். எல்லா வருஷத்து மாணவர்களும் உட்கார்ந்து இந்தச் சோதனையைச் செய்து பார்ப்போம். சொந்த லேப்டாப் இல்லாதவர்களுக்கு அதுதான் வழி.

அடுத்தவர் உதவியில் படித்தேன் என்ற பேச்சுக்கு இப்போது நான் பயப்படவில்லை. அப்பா அடுக்கிய கல்லின் மேல்தானே நான் நிற்கிறேன்! தட்டிப் பார்த்து, தெரிந்துகொண்டு, அதன் மேல் இன்னொரு வரி கட்டுவோம், வாருங்கள்!

– மூன்றாம் ஆண்டு மாணவன், கணினிப் பொறியியல் பிரிவு, பொத்தேரி