மட்டைக்கு நரம்பு பூட்டும் பொறி

வளைகோல் பந்தாட்டத்தால் பெயர்பெற்ற கோவில்பட்டியில் இறகுப்பந்தாட்டத்திற்கும் ஆர்வலர் உளர். ஆயின், விளாத்திகுளத்திலிருந்தோ எட்டயபுரத்திலிருந்தோ பயில வரும் எளிய மாணவரிடம் பெரும்பாலும் இருப்பது ஒரே மட்டைதான். அதன் நரம்பு அறுந்தால், மீண்டும் பூட்டி வரும்வரை அவருக்கு ஆட்டமில்லை. சில நேரங்களில் ஆட்டமே நின்றுவிடுகிறது. ஆண்டுதோறும் புது மட்டைகள் வாங்குவதைவிட, நரம்பு பூட்டும் பொறியொன்றை வாங்கி மாணவரையே அதில் பழக்குவது கல்லூரிகளுக்கு நன்று என்பது என் கருத்து.

எதனை வாங்குவது? மின்பொறி விரைவானது, விலையோ மிகுதி. கைப்பிடியைச் சுழற்றும் விற்சுருள் பொறி, குறித்த இழுவிசையை எட்டியதும் பூட்டிக்கொள்ளும்; அதன்பின் நரம்பு சற்றே தளரும். விற்சுருளையும் அவ்வப்போது சரிபார்த்தாக வேண்டும். தொடக்கத்திற்கு எடைக்கோல் பொறியே ஏற்றது. கோலில் எடையை நகர்த்தி வேண்டிய இழுவிசையைக் குறிக்கிறோம். கோல் கிடைமட்டமாக நிற்கையில் அவ்விசை நரம்பிற்குக் கிடைத்துவிடுகிறது. வேலை மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் மின்சாரம் வேண்டா, புவியீர்ப்பு பழுதாவதுமில்லை!

ஓரிடத்தில் மட்டும் சிக்கனம் ஆகாது. மட்டையின் வளையத்தை இரண்டே இடங்களில் தாங்கும் பொறி மலிவாகக் கிடைக்கும்; நரம்பு இறுக இறுக, மெல்லிய கரிம இழைச் சட்டம் அதில் கோணலாம், ஒடியவும் கூடும். ஆறிடங்களில் தாங்குவதையே தேர்க. நரம்பைப் பற்றும் கவ்விகளையும் வாங்குமுன் சோதித்தல் வேண்டும். ஏறத்தாழ 0.70 மி.மீ. பருமனுள்ள நரம்பு அவற்றில் வழுக்கினால் உழைப்பெல்லாம் வீண்.

பழைய மட்டைகளில் கைபழகிய பின்னரே நண்பர் மட்டையைத் தொடலாம். புதிய ஆட்டக்காரருக்கு 20 முதல் 22 பவுண்டு இழுவிசை போதும். பொறி வந்தபின் அதனை உடற்கல்வி அறையில் பூட்டிவைத்துவிட்டுச் சாவியைத் தேடும் வழக்கம் மட்டும் வேண்டா.