ஒரு பேட்டரிக்கு இரண்டு வழி

கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. அடுத்த கவலை, கரண்ட் போனால் என்ன செய்வது? எங்கள் வாசுதேவநல்லூரிலும் பக்கத்துப் புளியங்குடி, சிவகிரியிலும் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான். "இன்வெர்ட்டர் போடவா, சோலார் போடவா?" என்பார்கள். இரண்டில் ஒன்று என்று நினைப்பதே தவறு என்பது என் கருத்து. ஒரே பேட்டரி, சார்ஜ் ஏற இரண்டு வழி. அதுதான் நம் பகுதிக்குச் சரி.

காரணம் சொல்கிறேன். பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் நாளில் காலை 9 மணிக்குப் போனால் பிற்பகல் வரை வராது. ஆனால் அது வெயில் நேரம். பேனல் அப்போது பேட்டரியைத் தாங்கிப் பிடிக்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கதை வேறு. குற்றாலத்தில் சாரல் என்றால் ஊருக்கே கொண்டாட்டம், பேனலுக்கு மட்டும் திண்டாட்டம்! மலையில் மேகம் கவிந்த நாளில் வழக்கமான சார்ஜில் கால்வாசிகூடத் தேறாது. காற்று பலமாக வீசி இரவில் கரண்ட் போனால், அப்போது கைகொடுப்பது ஈபி மின்சாரத்தில் ஏற்றி வைத்த சார்ஜ்தான்.

ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். 12 வோல்ட், 150 ஏஎச் பேட்டரியில் 1800 வாட்-மணி இருக்கும். லெட் ஆசிட் பேட்டரி நீண்ட நாள் உழைக்க வேண்டுமானால் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது. இன்வெர்ட்டரில் வீணாவது போக, கைக்குக் கிடைப்பது சுமார் 700 வாட்-மணி. கம்ப்யூட்டர், மானிட்டர், மோடம் மூன்றும் சேர்ந்து 120 வாட் என்றால் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். 330 வாட் பேனல் ஒன்று நல்ல வெயிலில் ஒரு நாளில் ஏறக்குறைய 1 யூனிட் தரும். இறங்கிய சார்ஜ் அன்றே திரும்பிவிடும்.

சரி, இரண்டு வயரையும் பேட்டரியில் மாட்டினால் போதுமா? போதாது. இங்கேதான் பலர் பணத்தை விடுகிறார்கள். சார்ஜர்கள் பேட்டரியின் வோல்டேஜைப் பார்த்துத்தான் வேலை செய்கின்றன. ஈபி சார்ஜர் இரவிலேயே பேட்டரியை நிரப்பிவிட்டால், காலையில் சோலார் கண்ட்ரோலர் "நிறைந்துவிட்டது" என்று கையைக் கட்டிக்கொள்ளும். குழாய்த் தண்ணீரில் குடத்தை நிரப்பி வைத்துவிட்டு மழை நீரை எதில் பிடிப்பது? அதனால் வெயில் இருக்கும்போது ஈபி சார்ஜிங்கை நிறுத்தி வைத்து, பேட்டரி இறங்கினால் மட்டும் அதைச் சேர்க்கும் 'சோலார் முன்னுரிமை' வசதி வேண்டும். சாரல் மாதங்களில் அதை மாற்றி, ஈபிக்கு முதலிடம் தரும் வசதியும் வேண்டும்.

வெளிநாடுகளில் வீடு போலவே அமைத்த வேன்களில் ஊர் சுற்றுகிறார்கள் அல்லவா? அவர்களுக்கும் இதே பிரச்சினைதான். அங்கே ஈபிக்குப் பதில் எஞ்சினோடு சுற்றும் ஆல்டர்நேட்டர். வண்டி ஓடும்போது அது சார்ஜ் ஏற்றும், நிற்கும்போது கூரையிலுள்ள பேனல் ஏற்றும். ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டுப்பாடு வைத்துத்தான் ஒரே பேட்டரியில் சேர்க்கிறார்கள்.

இன்னொரு விஷயம். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் 24 வோல்ட் வகைப் பேனலை விற்றவர்கள், விலை மலிவு என்று 12 வோல்ட் பேட்டரிக்கு பிடபிள்யூஎம் கண்ட்ரோலரைப் பொருத்திவிட்டுப் போனார்கள். அந்த அமைப்பில் பேனல் தரக்கூடியதில் பாதிக்கும் மேல் வீண். அங்கே தேவை எம்பிபிடி கண்ட்ரோலர். வித்தியாசத்தைச் சொல்லாமல் விற்பது நியாயமே இல்லை.

மத்திய அரசின் சூர்ய கர் திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கியபோது 3 கிலோவாட்டுக்கு ரூ.78,000 மானியம் அறிவித்தார்கள். நல்ல திட்டம்தான். ஆனால் பேட்டரி இல்லாமல் ஈபி லைனோடு மட்டும் இணைத்த சோலார், கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்காமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. கல்லூரி விண்ணப்பத்தின் கடைசி நாளில் கரண்ட் போனால், உச்சி வெயிலிலும் அந்தப் பேனல் உங்கள் கம்ப்யூட்டரை ஓட்டாது.

"பில் பூஜ்யமாகிவிடும்" என்ற பேச்சையும் அப்படியே நம்பாதீர்கள். குறைவாக மின்சாரம் செலவழிக்கும் வீட்டில் மிச்சமாவது சொற்பமே. ஒரு பேனல், ஒரு பேட்டரி போடுவதால் நமக்குக் கிடைக்கும் லாபம், வேலை பாதியில் நிற்காது என்பதுதான்.

ஆகவே கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். சோலார் முன்னுரிமை உண்டா? கண்ட்ரோலர் எம்பிபிடியா? கரண்ட் இல்லாதபோதும் பேனல் சார்ஜ் ஏற்றுமா? மூன்றுக்கும் 'ஆம்' என்று பில்லில் எழுதித் தந்தால் மட்டும் பணத்தைக் கொடுங்கள்.