சாக்கடை எப்போது ஆற்றில் கலக்கிறது? வரைபடம் சொல்லும்!

ஆற்றில் மோட்டார் வைத்துப் பாசனம் செய்கிறீர்களா? மேலே இருக்கும் நகரம் எந்த நேரத்தில் சாக்கடையைத் திறந்துவிட்டது என்பது, நுரையும் நாற்றமும் வந்த பிறகுதான் உங்களுக்குத் தெரியும். இங்கிலாந்தில் இதைக் கைப்பேசியிலேயே பார்த்துவிடலாம்.

லண்டனின் பழைய பாதாளச் சாக்கடையில் வீட்டுக் கழிவுநீரும் மழைநீரும் ஒரே குழாயில் ஓடுகின்றன. கனமழையில் குழாய் நிரம்பினால் கழிவுநீர் வீடுகளுக்குள் எதிர்த்து ஏறும். அதைத் தவிர்க்க, மிஞ்சியதை ஆற்றில் விட வழிவாய்கள் வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்து முழுக்க இப்படி 14 ஆயிரத்துக்கும் மேல் உண்டு. 2023 இறுதிக்குள் அனைத்திலும் உணரிகள் பொருத்தப்பட்டன. எந்த வாய் இப்போது வழிகிறது, எது சற்று முன் வழிந்தது என்பதை இணைய வரைபடம் காட்டுகிறது. வழியத் தொடங்கிய ஒரு மணி நேரத்துக்குள் தகவலை வெளியிட வேண்டும் என்பது 2025 ஜனவரி முதல் சட்டம். 2024-ல் மட்டும் சுமார் 36 லட்சம் மணி நேரம் வழிந்ததாகக் கணக்கு வந்தது. நிறுவனங்கள் இனி மழுப்ப முடியாது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்த உணரிகள் நேரத்தைத்தான் சொல்கின்றன. எவ்வளவு கழிவுநீர் போனது என்று சொல்வதில்லை. வரைபடம் சாக்கடையைத் தடுப்பதும் இல்லை. அதற்காக லண்டன் 25 கிலோமீட்டர் சுரங்கம் தோண்ட வேண்டியிருந்தது. செலவு 400 கோடி பவுண்டுக்கும் மேல்!

நம் நிலைமை வேறு. இங்கே பல ஊர்களில் மழையே இல்லாத நாளிலும் சாக்கடை நேராக ஆற்றில் விழுகிறது. உணரி வைத்தால் எந்நேரமும் 'வழிகிறது' என்றே காட்டும். எனவே நமக்கு முதலில் வேண்டியது, எந்தெந்த இடத்தில் எந்தச் சாக்கடை விழுகிறது என்ற வரைபடம். இதற்குப் பெரிய கருவி தேவையில்லை. கைப்பேசியின் ஜி.பி.எஸ். போதும். வேளாண் அலுவலர்களும் பாசன சங்கத்தாரும் இரண்டு மூன்று நாள் கரையோரம் நடந்தால் குறித்துவிடலாம்.

சாக்கடை நீரில் தழைச்சத்து இருக்கிறது, பயிர் பச்சையாக வருகிறது என்பது உண்மைதான். உடன் குடற்புழு முட்டைகளும் நோய்க்கிருமிகளும் வருகின்றன. கொத்தமல்லி, வெள்ளரி போலப் பச்சையாகச் சாப்பிடும் பயிர்களுக்கு அந்த நீரைப் பாய்ச்ச வேண்டாம். கோடைக்குப் பின் வரும் முதல் மழை, தேங்கிக் கிடந்த அழுக்கையெல்லாம் அடித்து வரும். அன்று மோட்டாரைப் போடாதீர்கள்.

குறித்த இடங்களைப் படங்களோடு மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுங்கள். ஒவ்வொன்றையும் எப்போது அடைப்பார்கள் என்று எழுத்தில் பதில் கேளுங்கள்.